பழைய அறிக்கையின் பிடிஎஃப் இணைய ஆதாரமா, அச்சு ஆதாரமா? (இறையியல் கல்லூரி நூலகம், பி.டி. ஆய்வேடு)

வைகைக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பி.டி. (இறையியல் பட்டப்படிப்பு) கடைசி ஆண்டில் இருக்கிறேன். அமெரிக்க மதுரை மிஷனில் வேலை செய்த வேதஸ்திரீகளைப் (வீடுவீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் சொல்லிக்கொடுத்த உள்ளூர்ப் பெண்கள்) பற்றி ஆய்வேடு எழுதுகிறேன், காலம் 1870 முதல் 1910 வரை. வழிகாட்டி ஐயா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: அடிக்குறிப்புகளில் இணைய ஆதாரம் கால்வாசிக்கு மேல் போகக்கூடாது.

எனக்கு வேண்டியதெல்லாம் இணையத்தில்தான் இருக்கிறது. மிஷன் ஆண்டறிக்கைகளில் பல, பாஸ்டனில் பெண்கள் சங்கம் நடத்திய 'லைஃப் அண்ட் லைட் ஃபார் உமன்' இதழ், 'மிஷனரி ஹெரால்டு', எல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். எங்கள் கல்லூரி நூலகத்தில் அறிக்கைகள் சில ஆண்டுகளுக்கு மட்டும் உண்டு, அதுவும் தொட்டால் உதிர்கிற காகிதம். நூறு வருஷத்துக்கு முந்தைய புத்தகத்தைப் பிடிஎஃபாகப் படித்தால் அதை எந்தக் கணக்கில் வைப்பது?

இன்னொன்று. சமய, இறையியல் கட்டுரைகளைத் தேடித் தரும் அட்லா தரவுத்தளத்துக்குக் கல்லூரி சந்தா கட்டுகிறது. எங்கள் வகுப்பில் யாரும் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. கூகுள் போதாதா?

லோகோஸ்_ரசிகன் எழுதியது:

பிரதர், அச்சு நூலகமெல்லாம் இன்னும் கொஞ்ச நாளில் வெறும் படிப்பறை ஆகிவிடும். என் லேப்டாப்பில் லோகோஸ் என்ற வேதாகம மென்பொருள் இருக்கிறது. வசனத்தைத் தட்டினால் விளக்கவுரை, அகராதி, வரைபடம் எல்லாம் வரிசையாகத் திறக்கிறது. தூசி தட்டிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? கால்வாசி, அரைவாசி என்று கணக்குப் போடுவது அந்தக்காலத்துப் பழக்கம்.

பழைய_நூலகர் எழுதியது:

வைகைக்கரையான் தம்பி, முதல் கேள்விக்குப் பதில் சுலபம். 1893-ல் அச்சான அறிக்கையின் பக்கத்தை அப்படியே படமாகத் திரையில் பார்த்தால் நீங்கள் படித்தது 1893 அறிக்கைதான். அடிக்குறிப்பில் வெளியிட்ட அமைப்பு, தலைப்பு, அச்சான ஊர், ஆண்டு, பக்கம் போட்டுவிட்டு, கடைசியில் இணைய முகவரியைச் சேருங்கள். ஆய்வேடுகளுக்கான டுராபியன் மேற்கோள் நடையும் இதைத்தான் கேட்கிறது. உங்கள் ஐயாவுக்கு இருக்கும் பயம் வேறு: எழுதியவர் பெயரே இல்லாத வலைப்பக்கம், பிரசங்கக் குறிப்புத் தளம், விக்கிப்பீடியா. நேரில் போய், "ஸ்கேன் செய்த பழைய அச்சு நூலும் இந்தக் கால்வாசிக்குள் வருமா ஐயா?" என்று கேளுங்கள். வராது என்றுதான் சொல்வார் என நினைக்கிறேன். சொன்னதை ஒரு மின்னஞ்சலாகவும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், புறத்தேர்வாளர் வேறு ஆளாக இருப்பார்.

ஒன்றைக் கவனியுங்கள். பக்கப் படம் வேறு, மறுபடி தட்டச்சு செய்து போட்ட எழுத்து வேறு. இரண்டாவதில் பெரும்பாலும் பக்க எண் இருக்காது, எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தார்கள் என்பதும் தெரியாது. தேட அதைப் பயன்படுத்தலாம். மேற்கோளுக்குப் பக்கப் படத்துக்கோ புத்தகத்துக்கோ போய்விடுங்கள்.

அட்லா பற்றி. 1949 தொடங்கி வந்த சமயக் கட்டுரைகளை வகைப்படுத்திய அச்சு அடைவாகத்தான் அது பிறந்தது. கூகுளில் இல்லாத ஒரு வசதி அதில் உண்டு: வசன எண்ணைக் கொடுத்துத் தேடலாம். பிலிப்பியர் 2:6 என்று கொடுத்தால் அந்த வசனத்தை ஆராய்ந்த கட்டுரைகள் வரும், தலைப்பில் 'பிலிப்பியர்' என்ற பெயரே இல்லாவிட்டாலும். கூகுளில் அதே வசனத்தைப் போட்டால் முதல் பல பக்கங்களுக்குத் தினதியானம்தான். உங்கள் தலைப்புக்கு வசனத் தேடல் உதவாது, பொருள் தலைப்பு உதவும். ஒரு நல்ல கட்டுரையைக் கண்டுபிடித்து, அதன் பதிவில் என்னென்ன பொருள் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து, அதையே சொடுக்குங்கள். நாமாக யோசிக்கும் சொல்லை விட அது நேராகக் கொண்டுபோய் விடும்.

லோகோஸ் தம்பிக்கும் ஒரு வார்த்தை. இலவசமாக எது கிடைக்கிறது, எது கிடைப்பதில்லை என்பதைச் சட்டம்தான் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் அந்தக் காலத்து நூல்கள் வெளிவந்து 95 ஆண்டு ஆனபிறகே பதிப்புரிமை தீர்ந்து பொதுவுடைமை ஆகின்றன. நம் நாட்டில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு. ஆக, முழுசாகவும் சட்டப்படியும் இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் 1930-க்கு முந்தியவை, இல்லாவிட்டால் கடந்த இருபது வருஷத்தில் திறந்த அணுக்கத்தில் வந்தவை. நடுவில் ஒரு பெரிய பள்ளம். நம் இந்திய இறையியலில் முக்கால்வாசி அந்தப் பள்ளத்துக்குள் கிடக்கிறது. 1938 தாம்பரம் மிஷனரி மாநாட்டை ஒட்டிச் சக்கரையும் செஞ்சையாவும் ஒரே அணியில் நின்று போட்ட கருத்துச் சண்டை, ஆயர் அப்பாசாமியின் பக்தி மார்க்கச் சிந்தனை, எம். எம். தாமஸ், 1980-களில் நிர்மல் தொடங்கிவைத்த தலித் இறையியல். இவற்றில் பெரும்பகுதி அலமாரியில்தான் இருக்கிறது. இணையத்தை மட்டும் நம்பியவனின் நூற்பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: 1889, 1902, 1911, அப்புறம் ஒரே தாவலாக 2014. மத்தேயு ஹென்றி 1714-ல் இறந்தவர். இன்றும் நம் ஆய்வேடுகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் விளக்கவுரையாளர்களில் அவர் ஒருவர் என்பதற்குக் காரணம் அவருடைய ஞானம் மட்டுமில்லை, விலையும்தான்.

கிரேக்கக்_கிறுக்கன் எழுதியது:

ஐயா சொன்ன பள்ளம் மொழிக் கருவிகளில் இன்னும் மோசம். செல்போன் செயலிகளில் இலவசமாக வரும் கிரேக்க அகராதி பெரும்பாலும் தேயர், 1889. எண் போட்டுத் தேடுவது ஸ்ட்ராங், 1890. எகிப்து மணலிலிருந்து வந்த பாப்பிரஸ் ஏடுகளை வைத்து, புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் அந்தக்காலத்துச் சாதாரண ஜனங்கள் பேசியதுதான் என்று டைஸ்மான் எழுத ஆரம்பித்தது 1895-ல். அதாவது இலவச அகராதி அச்சேறியபோது அந்த ஆதாரம் விவாதத்துக்கே வரவில்லை. எபிரெயத்தில் பிரவுன்-டிரைவர்-பிரிக்ஸ் 1906. உகரித் களிமண் பலகைகள் 1929-லும் சாக்கடல் சுருள்கள் 1947-லும் வெளிச்சத்துக்கு வந்தவை, இரண்டுமே அதில் இருக்க வழியில்லை.

நூலகத்தில் குறிப்பு நூல் அலமாரியில் டாங்கர் திருத்திய கிரேக்க அகராதி மூன்றாம் பதிப்பு (2000) இருக்கும். வெளியே கொடுக்க மாட்டார்கள். பரவாயில்லை, பென்சிலும் நோட்டும் எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள்.

புதிய ஏற்பாட்டுக் கிரேக்கச் சொற்களுக்கான கிட்டல் இறையியல் அகராதியின் பத்துத் தொகுதிகளைப் பார்த்ததும் ஆளை மிரட்டும். அதை எடுப்பதற்கு முன் ஜேம்ஸ் பார் 1961-ல் அதன் முறையை எப்படிக் கிழித்தார் என்று கொஞ்சம் படித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே நூலகத்தில் இருப்பதுதான் வசதி.

அதற்காக இணையத்தைக் குறை சொல்ல மாட்டேன். டிண்டேல் ஹவுஸின் ஸ்டெப் பைபிள் முற்றிலும் இலவசம், கணினியில் இறக்கிக்கொண்டால் இணையமே இல்லாமல் ஓடும். பழைய கிரேக்க வேதாகமமான சினாய் கையெழுத்துப் பிரதி நாலு இடங்களில் சிதறிக் கிடக்கிறது: லண்டன், லைப்சிக், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், சினாய் மலை மடம். அவர்கள் சேர்ந்து 2009-லிருந்து முழுசையும் இணையத்தில் போட்டுவிட்டார்கள். எந்த நூலகமும் இதை அச்சில் இவ்வளவு துல்லியமாகத் தர முடியாது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் நெஸ்லே-ஆலந்து 28-ஆம் பதிப்பின் மூலபாடத்தையும் ஜெர்மன் பைபிள் சங்கத் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். அடியில் வரும் பாடபேதக் குறிப்புகள் (கையெழுத்துப் பிரதிகள் எங்கே வேறுபடுகின்றன என்பவை) மட்டும் கிடையாது. ஆய்வுக்கு வேண்டியது அந்த அடிப்பகுதிதானே? அதற்கு அச்சுப் பிரதி.

லோகோஸ்_ரசிகன் எழுதியது:

லோகோஸில் டாங்கரும் வாங்கலாம், நெஸ்லே-ஆலந்து குறிப்புகளும் வாங்கலாம். காசு கொடுத்தால் எல்லாம் வரும்.

கிரேக்கக்_கிறுக்கன் எழுதியது:

காசு யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

ஊழியக்காரி_நெல்லை எழுதியது:

நீங்கள் எல்லாம் வளாகத்துக்குள் உட்கார்ந்து பேசுகிறீர்கள். நான் படித்து முடித்து கிராமத்துச் சேகரத்தில் இருக்கிறேன். மூன்று சபை, ஒரு ஸ்கூட்டி, ஒரு செல்போன். கல்லூரி நூலகம் இங்கிருந்து பஸ்ஸில் அரை நாள். அலமாரிக்குப் போ என்று சொல்வது எங்களுக்கு உதவாது. எங்களுக்கு என்ன வழி?

பழைய_நூலகர் எழுதியது:

நியாயமான கேள்வி அம்மா. உங்கள் கல்லூரி அட்லா உறுப்பினராக இருந்தால் முன்னாள் மாணவர்களுக்குத் தனி அணுக்கம் கொடுக்கும் திட்டம் ஒன்று உண்டு. கல்லூரி அதைத் தனியாக இயக்கி வைத்திருக்க வேண்டும், தானாக வராது. நூலகருக்கு எழுதிக் கேளுங்கள், நாலு பேர் கேட்டால்தான் அவர் முதல்வரிடம் எடுத்துப் போவார்.

அது இல்லாவிட்டாலும், ஆய்விதழ்த் தளமான ஜேஸ்டோரில் சொந்தமாகக் கணக்குத் தொடங்கினால் 30 நாளுக்கு 100 கட்டுரை வரை திரையில் இலவசமாகப் படிக்கலாம். குளோப்எத்திக்ஸ் நூலகத்தில் பதிவு செய்தால் போதும், பணம் இல்லை. பிரின்ஸ்டன் செமினரியின் தியோலாஜிக்கல் காமன்ஸில் பழைய நூல்களும் இதழ்களும் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. திறந்த அணுக்க டிஜிட்டல் இறையியல் நூலகம் என்று ஒன்று, பல இடங்களில் சட்டப்படி இலவசமாகக் கிடப்பதை ஒரே தேடலில் காட்டும். இந்தியன் ஜர்னல் ஆஃப் தியாலஜியின் பழைய இதழ்களைப் பிரிட்டனில் உள்ள பிப்ளிகல் ஸ்டடீஸ் தளத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். நான் சொன்ன பள்ளத்துக்கு நடுவில் அது ஒரு சின்னப் பாலம், 1950-களிலிருந்து நம் ஆட்கள் எழுதியது அதில் கிடைக்கும். பிரசங்கத் தயாரிப்புக்குக்கூட எடுத்துப் பாருங்கள்.

குருமாணவன்_திருச்சி எழுதியது:

எங்கள் குருமடத்தில் நிலைமை கொஞ்சம் வேறு. திருச்சபைப் போதனை ஏடுகளுக்கு வத்திக்கான் தளமே போதும், அச்சில் தேடுவதே இல்லை. திருச்சபைத் தந்தையர் என்று வரும்போதுதான் சிக்கல். இணையத்தில் எல்லோரும் எடுப்பது 1880-களில் வந்த ஆங்கில மொழிபெயர்ப்புத் தொடர். மீஞ் பதிப்பித்த லத்தீன் தந்தையர் வரிசை 221 தொகுதி, கிரேக்க வரிசை 161 தொகுதி. எங்கள் நூலகத்தில் சில தொகுதிகளைத் திறந்தாலே தாள் ஒடிகிறது, அதனால் ஸ்கேனைப் பார்க்கச் சொல்கிறார்கள். சரிதான், அதில் வருத்தம் இல்லை. ஆனால் மீஞ்சுக்குப் பிறகு வந்த திருத்தப் பதிப்புகள் இலவசமாக அவ்வளவாக இல்லை. ஒரு பேராசிரியர், "மீஞ்சில் பார்த்தேன் என்று மட்டும் எழுதாதே, புதிய பதிப்பில் அந்த வரி இருக்கிறதா என்று அலமாரியில் பார்த்துவிட்டு எழுது" என்பார். அகுஸ்தினார் பெயரில் சுற்றும் மறையுரைகளில் சில அவருடையவையே அல்ல என்று பிற்கால ஆய்வாளர்கள் ஒதுக்கிவிட்டார்கள். பழைய ஸ்கேனை மட்டும் பார்த்தால் அது தெரியாது.

மட்டக்களப்பான் எழுதியது:

வைகைக்கரையான் தம்பி, உங்கள் மதுரை மிஷன் 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்துதான் வந்தது, மறந்துவிட வேண்டாம். அமெரிக்க இலங்கை மிஷன்காரர் 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரி, 1824-இல் உடுவிலில் பெண்கள் பள்ளி என்று தொடங்கியிருந்தார்கள். பெண்கல்வி பற்றி உங்கள் ஆட்கள் எழுதியதை இங்கத்தைய அறிக்கைகளோடு வைத்துப் பார்த்தால் ஆய்வு கனக்க விரியும். நூலகம் என்ற பெயரிலேயே 2005 முதல் இயங்கும் எண்ணிம நூலகத்தில் ஈழத்து வெளியீடுகளைத் தேடிப் பாருங்கள், எல்லாம் இலவசம்.

ஒன்று சொல்ல வேண்டும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதி இல்லாதவையும் போயின. எண்ணிமப்படுத்துவதை வசதிக்கான விஷயமாக மட்டும் எங்களால் பார்க்க ஏலாது. "எங்கள் அலமாரியில் இருக்கிறதே, எதற்கு ஸ்கேன்" என்று கேட்கும் நூலகர்களைக் காணும்போது கோபம் வரும்.

பழைய_நூலகர் எழுதியது:

மட்டக்களப்பாருக்குத் தலைவணங்குகிறேன். அந்தக் கோபம் இங்கும் வேண்டும். தீயே தேவையில்லை, 1850-க்குப் பிறகு மரக்கூழில் செய்த காகிதம் அமிலத்தாலேயே உள்ளுக்குள் வெந்துவிடுகிறது. மிச்சத்தை இராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும்.

வைகைக்கரையான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வழிகாட்டி ஐயாவிடம் கேட்டேன், ஸ்கேன் அச்சுக் கணக்கிலேயே சேரும் என்று சொல்லிவிட்டார். மின்னஞ்சலும் வாங்கிவிட்டேன்.

அடுத்த பிரச்சினை. தமிழ் பிடிஎஃப்களில் தேடினால் ஒன்றுமே வருவதில்லை. 'வேதஸ்திரீ' என்று போட்டால் பூஜ்யம். ஆனால் பக்கத்தைப் புரட்டினால் கண்ணெதிரே இருக்கிறது.

எழுத்துரு_ஏகாம்பரம் எழுதியது:

இது என் பேட்டை. மூன்று காரணம் இருக்கலாம்.

அந்த பிடிஎஃப் வெறும் படமாக இருக்கலாம். அப்படியானால் எதுவும் வராது.

எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தரும் ஓசிஆர் மென்பொருள்) ஓட்டியிருந்தாலும் பழைய எழுத்தில் அது தடுமாறும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, ளை, னை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி மேலே சுழித்திருக்கும். ணா, றா, னா கூட்டெழுத்தாக இருக்கும். இன்னும் பழைய அச்சில் மெய்யெழுத்துக்குப் புள்ளியே இருக்காது, எ-வுக்கும் ஏ-வுக்கும் வித்தியாசம் இருக்காது. இன்றைய எழுத்தில் பழகிய எழுத்துணரி இதையெல்லாம் வேறு எதுவாகவோ படித்து வைக்கும். பக்கப் படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றித் திறந்தால் ஓரளவு வரும், அதையும் சரிபார்க்காமல் நம்பக்கூடாது. சொல்லின் நடுவில் உள்ள தெளிவான மூன்று எழுத்தை மட்டும் போட்டுத் தேடிப் பாருங்கள், சில நேரம் மாட்டும்.

மூன்றாவது, 1990-களிலும் 2000-களிலும் தட்டச்சு செய்த ஆய்வேடுகள். பாமினி, டேம், டேப் என்று ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்தவை. திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குப்பை. அந்தப் பகுதியை நகலெடுத்து ஒருங்குறி மாற்றியில் போட்டால் தமிழாகிவிடும்.

பழைய_நூலகர் எழுதியது:

அருமை. நூலகப் பட்டியலில் தேடுவதற்கும் இரண்டு வரி சேர்க்கிறேன். பட்டியலில் புத்தகத்தைப் பதிந்தவர் எந்த எழுத்துக்கூட்டலைப் போட்டாரோ அதுதான் வரும். கிறிஸ்தவம், கிறித்தவம், கிறிஸ்துவம் மூன்றையும் போடுங்கள். வேதாகமம், விவிலியம், பைபிள் மூன்றையும் போடுங்கள். வெளிநாட்டு நூலகப் பட்டியல்களில் தமிழ்த் தலைப்புகள் ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து இருக்கும், ஊர்ப் பெயர்கள் பழைய ஆங்கிலேயர் கூட்டலில் இருக்கும். மதுரைக்கு 'மதுரா', திருநெல்வேலிக்கு 'தின்னவேலி', பாளையங்கோட்டைக்கு 'பாலம்கோட்டா' என்று அவர்கள் எழுதிய மாதிரியே அடிக்க வேண்டும்.

பட்டியலில் எடுத்த எண்ணோடு அலமாரிக்குப் போனதும் உடனே திரும்பிவிடாதீர்கள். உங்கள் நூலகம் டூயி பகுப்பு வைத்திருந்தால் உங்கள் தலைப்பு ஒரே இடத்தில் இருக்காது. மிஷன் வேலை 266-ல், இந்தியத் திருச்சபை வரலாறு 275.4-ல், தமிழ்நாடு என்று நுணுக்கமாகப் பகுத்திருந்தால் 275.482-ல், பெண்கள் பற்றியது 305.4-ல். மூன்று இடத்திலும் அக்கம்பக்கத்துப் புத்தகங்களின் பின் அட்டவணையைப் புரட்டுங்கள். மதுரை, பசுமலை, கேப்ரன், ஸ்விஃப்ட் என்ற பெயர்கள் எங்கே வருகின்றன என்று பாருங்கள். ஈவா ஸ்விஃப்ட் 1892-ல் தொடங்கிய லூசி பெரி நோபிள் பள்ளி வேதஸ்திரீகளைப் பயிற்றுவித்த இடம், அது இல்லாமல் உங்கள் ஆய்வேடு நிற்காது.

தமிழ்ச் சிறு நூல்களைப் பல நூலகங்களில் பட்டியலிலேயே ஏற்றியிருக்க மாட்டார்கள். நூற்றாண்டு மலர், சபை வரலாற்றுச் சிறு புத்தகம், போதகர் நினைவு மலர், எல்லாம் ஒரு பீரோவுக்குள் கட்டுக்கட்டாக இருக்கும். நூலகரிடம் நேரில் கேட்டால்தான் சாவி வரும்.

சும்மாவா_வந்தேன் எழுதியது:

இவ்வளவு சுற்றுவதற்கு ஏஐயிடம் கேட்டால் நூற்பட்டியலே கொடுத்துவிடுமே?

கிரேக்கக்_கிறுக்கன் எழுதியது:

கொடுக்கும். இல்லாத கட்டுரைக்கு இதழ் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் போட்டுக் கொடுக்கும். ஒவ்வொன்றையும் அட்லாவிலோ நூலகப் பட்டியலிலோ பார்த்துவிட்டு மீதி இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

லோகோஸ்_ரசிகன் எழுதியது:

சரி, சந்தா, சாவி, பீரோ எல்லாம் எதற்கு? டெலிகிராமில் குழு இருக்கிறது, டாங்கர் முதல் எல்லா விளக்கவுரையும் பிடிஎஃபாக

நெறியாளர் எழுதியது:

இணைப்பை நீக்கிவிட்டேன். திருட்டுப் பிரதிகளுக்கு இங்கே இடமில்லை.

ஊழியக்காரி_நெல்லை எழுதியது:

இணைப்பை நீக்கியது சரி. ஆனால் ஒரு அகராதியின் விலை எங்கள் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தின்னும்போது, "திருட்டு" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. டெலிகிராம் குழுவில் இருப்பவர்களில் பாதிப்பேர் போதகர்கள்.

பழைய_நூலகர் எழுதியது:

கஷ்டம் உண்மை. சட்டம் நம் ஊரில் நினைப்பதை விடத் தாராளமாகவே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். டெல்லி பல்கலைக்கழக நகலகம் மீது வெளிநாட்டுப் பதிப்பகங்கள் போட்ட வழக்கில், பாடத்துக்காக நூல்களின் பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்துக் கொடுப்பது பதிப்புரிமைச் சட்டத்தின் கல்வி விலக்கில் வரும் என்று 2016-ல் டெல்லி உயர்நீதிமன்றம் சொன்னது. அதனால் பேராசிரியர் ஒரு பாடத்துக்குத் தேவையான அத்தியாயங்களைத் தொகுத்துக் கொடுக்கலாம். நம் கல்லூரிகளில் அதைச் செய்யாமல், பயந்துகொண்டு எதையுமே நகலெடுக்க விடுவதில்லை, இல்லாவிட்டால் முழுப் புத்தகத்தையும் நகலெடுத்து விடுகிறார்கள். இரண்டுமே எனக்குப் பிடிக்காது. முழு அகராதியை டெலிகிராமில் ஏற்றுவதற்கு அந்தத் தீர்ப்பில் இடமில்லை.

இன்னொன்று, நேற்று இருந்த இலவசம் இன்று இருக்கும் என்று சொல்ல முடியாது. இன்டர்நெட் ஆர்க்கைவில் பதிப்புரிமை உள்ள நூல்களையும் சில நாள் இரவல் வாங்கிப் படிக்கும் வசதி இருந்தது. பதிப்பகங்கள் வழக்குப் போட்டன, 2024-ல் மேல்முறையீட்டிலும் ஆர்க்கைவ் தோற்றது. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட நூல்களை இரவலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதை நம்பி ஆய்வேட்டுக்கு நடுவில் இருந்தவர்கள் திண்டாடினார்கள். சந்தா தரவுத்தளமும் அப்படித்தான். கல்லூரி ஒரு வருஷம் கட்டவில்லை என்றால் பழைய ஆண்டுகளும் சேர்ந்து மூடிக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய அச்சு இதழ் அலமாரியிலேயே இருக்கும்.

லோகோஸ்_ரசிகன் எழுதியது:

நல்லது ஐயா, அச்சு அலமாரியையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எங்கள் கல்லூரி நூலகத்தில் புத்தகங்களில் பெரும்பகுதி நன்கொடை. ஓய்வுபெற்ற அமெரிக்கப் போதகர் வீட்டைக் காலி செய்தபோது கப்பலில் வந்தவை. ஒரே விளக்கவுரை நாலு பிரதி, சபை வளர்ச்சி, ஞாயிறு பள்ளி நடத்துவது எப்படி என்று வரிசையாக. நீங்கள் சொல்லும் சக்கரையும் நிர்மலும் அங்கே இல்லை. இலவசம் இணையத்தில்தான் புத்தியைச் சாய்க்கிறதா? அலமாரியிலும் அதேதான் நடந்திருக்கிறது.

பழைய_நூலகர் எழுதியது:

இதற்கு என்னிடம் பதில் இல்லை தம்பி, நீங்கள் சொல்வது சரி. நன்கொடைப் பெட்டி வந்தால் வேண்டாம் என்று சொல்ல எந்த முதல்வருக்கும் மனம் வராது. அலமாரி நிறைந்தால் கல்லூரியைப் பார்வையிட வரும் குழுவிடம் எண்ணிக்கை காட்டலாம். புத்தகம் வாங்கும் தொகையை முதலில் நம் ஆட்கள் எழுதியதற்கும் இந்திய இதழ்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்று நான் இருந்தவரை சண்டை போட்டேன். லேங்கம் போன்ற அமைப்புகள் சலுகை விலையில் கொடுக்கும்போது பட்டியலிலிருந்து நாமே தேர்ந்தெடுக்க முடிகிறது, அதைப் பெரும்பாலான கல்லூரிகள் சரியாகப் பயன்படுத்துவதில்லை. உங்கள் நூலகத்தில் நிர்மல் இல்லையென்றால் சென்னை குருகுலத்திலும் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியிலும் பாருங்கள். மாணவர் அடையாள அட்டையும் முதல்வர் கடிதமும் கொண்டுபோனால் உட்கார்ந்து படிக்க விடுவார்கள். பெங்களூர்க் கல்லூரியில் தனியாக ஆவணக் காப்பகமும் உண்டு.

வைகைக்கரையான் எழுதியது:

ஒரு புதுச் சிக்கல். வேதஸ்திரீகள் எத்தனை பேர், எத்தனை வீடுகளுக்குப் போனார்கள், எத்தனை பேருக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள் என்ற கணக்கு ஆண்டறிக்கையின் கடைசியில் மடித்து வைத்த பெரிய தாளில் இருக்கிறது. ஸ்கேன் செய்தவர்கள் அதை விரிக்காமல், மடித்தபடியே படம் எடுத்திருக்கிறார்கள். பாதி அட்டவணைதான் தெரிகிறது. எனக்கு முக்கியமான ஆண்டுகள் சிலவற்றில் இப்படி ஆகியிருக்கிறது. வேறு தளத்தில் அதே அறிக்கை இருந்தாலும் அதுவும் அதே ஸ்கேன்தான்.

பழைய_நூலகர் எழுதியது:

கூட்டமாக ஸ்கேன் செய்யும்போது இது சகஜம். மடிப்புத் தாளை விரித்தால் வேகம் குறையும் என்று விட்டுவிடுவார்கள். முதலில் உங்கள் நூலகத்தில் இருக்கும் உதிரும் பிரதிகளில் அந்த ஆண்டுகள் உண்டா என்று பாருங்கள். இருந்தால் நீங்களே விரிக்காதீர்கள், நூலகரை விரிக்கச் சொல்லுங்கள். கையுறை வேண்டாம், கை கழுவித் துடைத்திருந்தால் போதும். பேனாவை உள்ளே கொண்டுபோகாதீர்கள். செல்போனில் படம் எடுக்கும்போது முதலில் தலைப்புப் பக்கம், அடுத்து அதன் பின்பக்கம், அப்புறம் தாள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து எது எந்த ஆண்டு என்று தெரியாமல் முழிப்பீர்கள்.

இல்லையென்றால் மதுரை மிஷனை நடத்திய அமெரிக்க போர்டின் மூல ஆவணங்கள் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன, மிஷன் அச்சு அறிக்கைகளுக்கு யேல் இறையியல் கல்லூரி நூலகத்தின் டே மிஷன் தொகுப்பு. யேலுக்கு எழுதுங்கள். "மதுரை மிஷன் பற்றிய தகவல் வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் ஒரு இணைப்பை அனுப்பிவிட்டு முடித்துக்கொள்வார்கள். எந்த ஆண்டு அறிக்கை, பட்டியல் எண் என்ன, எந்தப் பக்கத்துக்கு அடுத்த மடிப்புத் தாள், இணையத்தில் உள்ள ஸ்கேனில் அது மடிந்திருக்கிறது என்பதற்கு அந்த இணைப்பு, ஆய்வேட்டுக்காக மட்டும் கேட்கிறேன் என்ற ஒரு வரி. இவ்வளவும் இருந்தால் அந்த ஒரு தாளை மட்டும் விரித்துப் படம் எடுத்து அனுப்பக்கூடும். கல்லூரி மின்னஞ்சலிலிருந்து எழுதுங்கள், வழிகாட்டிக்கு நகல் போடுங்கள்.

வைகைக்கரையான் எழுதியது:

1894, 1897 இரண்டும் எங்கள் நூலகத்திலேயே இருக்கின்றன, நூலகர் அக்கா திங்கட்கிழமை எடுத்துத் தருகிறேன் என்றார். மற்றதற்கு யேலுக்கு எழுதுகிறேன்.

மட்டக்களப்பான் எழுதியது:

தம்பி, அந்த இரண்டு தாளின் படத்தையும் எடுத்ததும், நூலகர் சம்மதித்தால், பொதுவில் ஏற்றிவிடுங்கள். அடுத்து வருகிறவருக்கு வேலை மிச்சம்.